பந்தலுக்குத் தனிக்கால்

(பழைய மாணவிகள் சங்கத்தின் இலண்டன் கிளை நடத்திய நூற்றாண்டு ஒன்றுகூடலில், வைத்தியரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இப்படியான ஒன்றுகூடலில் ஒரு வைத்தியர் பேச எழும்பினால், சபையில் இருப்பவர்களுக்கு உடனே தங்களுடைய சீனியும் கொலஸ்ட்ரோலும் ஞாபகத்துக்கு வரும். இன்று அவை இரண்டையும் தேநீர் இடைவேளைக்கு விட்டுவிடுவோம். நாங்கள் பேச எடுத்துக்கொண்ட விடயம் பள்ளிக்கூடக் கட்டடங்கள். அதிலும், சுவரும் தளமும் கூரையும் ஒன்றோடொன்று பொருந்துகின்ற இடங்கள். குளிர்நாடுகளில் அந்த இடங்களால் வெப்பம் எப்படி வெளியேறிப்போகிறது, அதனால் பிள்ளைகளுக்கு என்ன வருகிறது, அதை எப்படித் தடுக்கலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

வைத்தியருக்கும் கட்டடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இந்த மண்டபத்தில் இருப்பவர்களையும் இந்த மலரை ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் பாரிஸிலும் ஜேர்மனியிலும் இருந்து வாசிக்கப்போகிறவர்களையும் நினைத்துப் பாருங்கள். எங்கள் பிள்ளைகளும், அக்காமாரின் பேரப்பிள்ளைகளும், குளிர்காலம் முழுவதும் பகலில் ஆறு ஏழு மணித்தியாலம் பள்ளிக்கூட அறைகளுக்குள்ளேதான் இருக்கிறார்கள். எங்களில் பலர் அங்கே ஆசிரியைகள். சிலர் பள்ளி நிர்வாக சபைகளில் இருக்கிறார்கள். இந்தக் கதை கேட்கவேண்டியவர்கள் நாங்கள்தான்.

முதலில் எங்கள் தொழில் காட்டுகிற பக்கத்தைச் சொல்கிறோம்.

ஒக்ரோபர் பிறந்தால் சின்னப் பிள்ளைகளின் இருமலும் இழுப்பும் வரத் தொடங்கிவிடும். தொய்வு உள்ள பிள்ளை வந்தால் நாங்கள் வழமையான கேள்விகளைக் கேட்போம். இரவில் இருமுகிறாரா? பம்ப் ஒரு நாளைக்கு எத்தனை தரம் தேவைப்படுகிறது? வீட்டில் யாராவது புகைக்கிறார்களா? வீட்டுச் சுவரில் ஈரம், பூஞ்சணம் இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு அடுத்ததாக நாங்கள் இப்போது இன்னொன்றையும் கேட்கிறோம்: வகுப்பறையில் பிள்ளை எந்த இடத்தில் இருக்கிறார்?

ஈரமும் பூஞ்சணமும் உள்ள கட்டடங்களில் வாழ்பவர்களுக்குச் சுவாச நோய்க் குறிகளும், தொற்றுகளும், தொய்வு மோசமாவதும் கூடுதலாக ஏற்படுகின்றன என்பதற்குப் போதிய சான்றுகள் உள்ளன என்று உலக சுகாதார நிறுவனம் 2009 இல் வெளியிட்ட வழிகாட்டலில் சொல்லியிருக்கிறது. இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தையொன்று இறந்தது. வீட்டில் நீண்ட காலமாக இருந்த பூஞ்சணத்தால் வந்த சுவாசப் பாதிப்பே காரணம் என்று 2022 இல் மரண விசாரணையில் முடிவானது. அது வீடு, பள்ளிக்கூடம் அல்ல. தொய்வுக்கும் காரணங்கள் பல. எல்லாவற்றையும் சுவரின் தலையில் போட்டுவிட முடியாது. ஆனால் ஏற்கெனவே நெஞ்சு இறுகுகிற பிள்ளையை ஈரம் கசிகிற மூலையில் இருத்தக்கூடாது என்பதற்கு இதற்குமேல் சான்று தேவையில்லை.

அந்த மூலை ஏன் ஈரமாகிறது? மழைத்தண்ணீர் ஒழுகியோ, குழாய் வெடித்தோ ஆகலாம். பல இடங்களில் இரண்டும் இல்லை. ஈரம் பிள்ளைகளின் மூச்சிலிருந்தே வருகிறது. முப்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில், மூச்சாலும் தோலாலும் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீர் ஆவியாகக் காற்றில் சேர்கிறது. நனைந்த கோட்டுகளும் சப்பாத்துகளும் வேறு. இந்த ஆவியை வெளியேற்றக் காற்றோட்டம் வேண்டும். குளிருக்குப் பயந்து யன்னலைப் பூட்டிவைத்தால் அது அறைக்குள்ளேயே சுற்றும். எங்கே குளிர்ந்த இடம் கிடைக்கிறதோ அங்கே போய் ஒட்டும்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குப் பனிபடுநிலை ஞாபகம் இருக்கும். மினுக்கிய கலோரிமானிக்குள் ஐஸ் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்கி, வெளிப்புறம் எப்போது மங்குகிறது என்று மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருப்போம். மூச்சு விட்டால் அதுவும் போய்ப் படிந்துவிடும் என்பதற்காக! வகுப்பறைச் சுவரிலும் அதே சோதனைதான் நடக்கிறது. அறை 20 பாகை செல்சியஸ், சாரீரப்பதன் 50 வீதம் என்றால், ஏறத்தாழ 9 பாகையில் உள்ள மேற்பரப்பில் தண்ணீர் படியும். பூஞ்சணத்துக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. சுவரோடு ஒட்டிய காற்றின் சாரீரப்பதன் நாட்கணக்காக 80 வீதத்தில் நின்றாலே அது முளைக்கத் தொடங்கிவிடும். அதே அறையில், மேற்பரப்பு 12.6 பாகைக்கு இறங்கும்போது அந்த 80 வீதம் வந்துவிடுகிறது. அதனால்தான் ஜேர்மனியின் கட்டட நியமம், வெளியே மறை 5 பாகையும் உள்ளே 20 பாகையும் இருக்கும்போது, எந்த மூலையும் 12.6 பாகைக்குக் கீழே போகக்கூடாது என்று வைத்திருக்கிறது. இங்கிலாந்தின் வழிகாட்டல் பள்ளிகளுக்கு இதைவிடச் சற்றுக் கடுமையான வரம்பைச் சொல்கிறது.

ஒரே அறையில் சுவரின் நடுப்பகுதி 18 பாகையாக இருக்க, மூலை மட்டும் 11 பாகைக்கு இறங்குவது எப்படி? இங்கேதான் பொருத்துகளின் கதை தொடங்குகிறது.

கொதிக்கிற கஞ்சிக்குள் ஒரு எவர்சில்வர் கரண்டியையும் ஒரு சிரட்டை அகப்பையையும் போட்டுவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் கரண்டியின் பிடி கையைச் சுடும். அகப்பையின் மரக்காம்பைச் சின்னப் பிள்ளையும் பிடிக்கும். கஞ்சி ஒன்றுதான், காம்பு எதனால் ஆனது என்பதில்தான் வித்தியாசம். கட்டடத்திலும் அப்படியே. சுவருக்குள் வைக்கிற கனிமப் பஞ்சு போன்ற காவலிப் பொருளோடு ஒப்பிட்டால், மரம் மூன்று நான்கு மடங்கு வெப்பத்தைக் கடத்தும். கம்பி போட்ட கொங்கிறீற் ஏறத்தாழ அறுபது மடங்கு. உருக்கு ஆயிரம் மடங்குக்கு மேல். அலுமினியம் அதைவிட இன்னும் மூன்று நான்கு மடங்கு. ஆகவே எவ்வளவு தடிப்பான பஞ்சைச் சுற்றினாலும், அதை ஊடறுத்துக்கொண்டு ஒரு கொங்கிறீற் தளமோ உருக்கு வளையோ உள்ளிருந்து வெளியே போனால், வெப்பம் அந்த வழியால் போய்விடும். கட்டடக்காரர் இதை வெப்பப் பாலம் என்கிறார்கள். பாலம் போகிற வழியில் வெப்பம் மட்டும் இழக்கப்படுவதில்லை. பாலத்தின் உள்முனையும் குளிர்ந்துபோகிறது. அந்தக் குளிர்ந்த முனைதான் பிள்ளையின் கதிரைக்குப் பின்னால் உள்ள மூலை.

அந்தக் காலத்துப் பள்ளிகளிலும் கொங்கிறீற் தளங்கள் வெளியே நீண்டிருந்தனவே, இப்போது மட்டும் ஏன் இந்தப் பேச்சு என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காவலி இல்லாத பழைய சுவர் ஒன்று, ஒரு சதுர மீற்றருக்கு, ஒரு பாகை வித்தியாசத்துக்கு, ஏறத்தாழ 1.5 வாற்று வெப்பத்தை விடும். நன்றாகக் காவலிட்ட புதுச் சுவர் 0.15 வாற்றுதான் விடும், பத்தில் ஒன்று. இப்போது வகுப்பறைத் தளம் சுவரைத் தாண்டி வெளி விறாந்தையாக நீள்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவே தடுப்பு எதுவும் இல்லாவிட்டால் அந்தப் பொருத்தின் ஒவ்வொரு மீற்றர் நீளமும் 0.8 வாற்று அளவில் விடலாம். பழைய சுவரோடு பார்த்தால் அது அரைச் சதுர மீற்றர் சுவருக்குச் சமம்; யாரும் கவனிக்கத் தேவையில்லை. புதுச் சுவரோடு பார்த்தால் அது ஐந்து சதுர மீற்றருக்கு மேற்பட்ட சுவருக்குச் சமம். விறாந்தை 40 மீற்றர் நீளமானால், இருநூறு சதுர மீற்றருக்கு மேற்பட்ட சுவர் விடுகிற வெப்பத்தை அந்த ஒரு கோடு விட்டுவிடும். உள்ளுக்கும் வெளிக்கும் 20 பாகை வித்தியாசமான நாளில் அது 640 வாற்று. இரவு பகலாக ஒரு சிறிய ஹீற்றரைப் போட்டு யன்னலுக்கு வெளியே வைத்ததுபோல.

அதாவது, சுவர் திறமாகத் திறமாக, பொருத்துகளின் குறை பெரிதாகிக்கொண்டு போகும். காவலிக்குக் காசு செலவழித்துவிட்டுப் பொருத்துகளைக் கவனிக்காமல் விட்டால், பள்ளிக்கூடம் எதிர்பார்த்த மிச்சம் வராது. பழைய சுவரில் பரவலாக இருந்த குளிர் இப்போது மூலைகளில் வந்து சேர்ந்து நிற்கும். மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கில் ஒரு போத்தல் மண்ணெண்ணெயை எத்தனை இரவுக்கு நீட்டலாம் என்று கணக்குப் பார்த்துப் படித்த தொகுதி எங்களுடையது. இப்படி வீணாய்ப் போவதைக் கண்டுகொண்டு சும்மா இருக்க எங்களால் முடியாது.

பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்ப்போம். அடியிலிருந்து தொடங்கினால், முதல் இடம் சுவர் அத்திவாரத்தில் குந்துகிற இடம். நிலத்துக்குக் கீழேயும் காவலி, சுவரிலும் காவலி. ஆனால் சுவரின் கற்கள் இரண்டுக்கும் நடுவால் குளிர்ந்த அத்திவாரத்தில் நேரே இருக்கின்றன. அடுத்தது யன்னல். அது காவலிக்கு நேரே இல்லாமல் வெளிக் கல்லோடு பொருந்தியிருந்தால், சுற்றுப்புறம் முழுவதும் குளிர்ந்துபோகும். பிறகு மாடித் தளங்களின் விளிம்பு. உச்சியில் கூரையைச் சுற்றி எழும்புகிற கைப்பிடிச் சுவர். நாலு பக்கமும் காற்றில் நிற்கிற கொங்கிறீற் செட்டை அது. பள்ளிக்கூடங்களுக்கென்றே விசேடமான இடங்களும் உண்டு. சின்னப் பிள்ளைகள் மழையிலும் விளையாடுவதற்காக வகுப்பு வாசலில் நீட்டுகிற கூரை, வெளி விறாந்தை, தீ விபத்தின்போது இறங்குகிற உருக்குப் படிக்கட்டு, யன்னல் மேலுள்ள வெயில் தடுப்புகளின் தாங்கிகள். இவை எல்லாம் கட்டடத்தின் எலும்போடு பொருத்தப்படுகின்றன. பொருத்து ஒவ்வொன்றும் ஒரு பாலம்.

வைத்தியம் என்ன? கட்டடக் கலைஞர்களிடம் ஒரு எளிய சோதனை இருக்கிறது. கட்டடத்தின் குறுக்குவெட்டுப் படத்தில், காவலிப் படையின் மேல் ஒரு பென்சிலை வைத்து, எடுக்காமல் ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டும். நிலத்தின் கீழே, சுவரில் ஏறி, யன்னல் சட்டத்தைத் தொட்டு, கூரையைத் தாண்டி, திரும்பத் தொடங்கிய இடத்துக்கு. எங்கே பென்சிலைத் தூக்கவேண்டி வருகிறதோ அங்கே பாலம் இருக்கிறது.

கண்டுபிடித்த பாலத்துக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவதும் மலிவானதும், பாலமே போடாமல் விடுவது. வெளியே நிற்கவேண்டியதை அதன் சொந்தக் கால்களில் நிறுத்திவிடலாம். இரண்டாவது, பாலத்தின் நடுவில் வெப்பம் கடத்தாத துண்டொன்றை வைப்பது. சுவரின் முதல் வரிசைக்குக் காற்றுக்குமிழ் கொங்கிறீற் அல்லது நுரைக் கண்ணாடிக் கற்களை வைக்கலாம். வெளியே நீளும் தளத்துக்கு, 80 அல்லது 120 மில்லிமீற்றர் தடிப்பான காவலிக்குள்ளால் துருப்பிடிக்காத உருக்குக் கம்பிகள் போகிற தடுப்புக் கூறுகள் உண்டு; ஜேர்மனியில் அவை 1980களிலிருந்து பாவனையில் இருக்கின்றன. பாரத்தைக் கம்பிகள் தாங்கும். வெப்பத்தைக் காவலி மறிக்கும். துருப்பிடிக்காத உருக்கு, சாதாரண உருக்கின் மூன்றில் ஒரு பங்கு வெப்பத்தையே கடத்தும் என்பதும் இங்கே உதவுகிறது. மூன்றாவது வழி, பாலத்தைச் சுற்றிப் போர்த்துவது. கைப்பிடிச் சுவரின் உள்பக்கம், மேல்பக்கம், வெளிப்பக்கம் மூன்றையும் காவலியால் மூடுவது அப்படியானது. எதைச் செய்தாலும் பாரம் தாங்குமா, தீக்கு நிற்குமா என்பதைப் பொறியியலாளரே தீர்மானிக்க வேண்டும்.

இவை கடதாசியில் மட்டும் உள்ள யோசனைகள் அல்ல. ஜேர்மனியின் டார்ம்ஸ்ராட் நகரில் 1991 இல் நான்கு குடும்பங்கள் குடியேறிய தொடர் வீடுகளில் இந்த முறை முதலில் பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. பசிவ்ஹவுஸ் என்று அதற்குப் பெயர். இடத்தைச் சூடாக்க வருடத்துக்கு ஒரு சதுர மீற்றருக்கு 15 கிலோவாற்று மணிக்கு மேல் தேவைப்படக்கூடாது என்பது அதன் அளவுகோல்களில் ஒன்று. பொருத்துகளுக்கும் அங்கே ஓர் அளவு இருக்கிறது. ஒரு மீற்றர் பொருத்து, ஒரு பாகை வித்தியாசத்துக்கு 0.01 வாற்றுக்கு மேல் கூடுதலாக விடாவிட்டால், அதைப் பாலம் இல்லாதது என்று கொள்ளலாம். நாங்கள் கணக்குப் போட்ட விறாந்தையின் 0.8 ஐயும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிராங்க்பேர்ட் நகரம் 2004 இல் றீட்பேர்க் பகுதியில் இந்த முறையில் ஓர் ஆரம்பப் பள்ளியைத் திறந்தது. 2007 இல் நகரசபையின் புதிய கட்டடங்கள் எல்லாம் இந்த அளவில் அமைய வேண்டும் என்று தீர்மானம் எடுத்தது. இங்கிலாந்தில் வுல்வர்ஹம்ரனில் 2011 இல் கட்டி முடிந்த ஓக் மெடோ, புஷ்பரி ஹில் என்ற இரண்டு ஆரம்பப் பள்ளிகள் இந்த நாட்டின் முதல் பசிவ்ஹவுஸ் பள்ளிகளில் சேர்ந்தவை. பள்ளிக்கு இந்த முறை பொருந்துவதற்கு ஒரு காரணம் பிள்ளைகள்தான். அமைதியாக இருக்கிற ஒரு பிள்ளை எழுபது வாற்று அளவில் வெப்பம் தரும். முப்பது பேர் என்றால் இரண்டு கிலோவாற்று. அந்தச் சூட்டை வெளியே விடாமல் வைத்துக்கொண்டால், காலையில் அறையை ஒரு முறை சூடாக்கினால் பெரும்பாலும் போதும். பழைய காற்றை அனுப்பும்போது அதன் சூட்டைப் புதுக் காற்றுக்கு மாற்றிக்கொடுக்கிற காற்றோட்ட இயந்திரமும் அங்கே உண்டு. காவலி, பாலமில்லாப் பொருத்து, காற்றோட்டம் இவை மூன்றும் சேர்ந்தே வேலை செய்யும். காற்றோட்டத்தை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் செய்தால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

இனி எங்கள் சொந்த அனுபவத்துக்கு வருகிறோம். பள்ளியின் பெயர் வேண்டாம். எங்கள் பிள்ளைகள் படித்த அந்தப் பள்ளியில் முதலாம் மாடி வகுப்பொன்றின் மூலை ஒவ்வொரு பெப்ரவரியிலும் கறுக்கும். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அதற்கு வெள்ளைப் பெயின்ற் அடிப்பார்கள். பக்கத்தில் இருந்த புத்தக அலுமாரியின் முதுகிலும் பூஞ்சணம். அந்த மூலையில் இருந்த பிள்ளைகளுக்குள் இரண்டு பேர் பம்ப் பாவிப்பவர்கள். தாய்மார் நாலு பேர் சேர்ந்தோம். அதில் இரண்டு பேர் எங்கள் கல்லூரிக்காரர். வெப்பப் படம் எடுக்கிற கமரா ஒன்றை இரவல் வாங்கி, ஜனவரி மாதத்தில் வெயில் ஏறுமுன் போய்ப் படம் எடுத்தோம். உள்ளுக்கும் வெளிக்கும் பத்துப் பாகையாவது வித்தியாசம் இருக்கிற நேரத்தில்தான் அந்தப் படம் தெளிவாக வரும். எக்ஸ்றே படத்தில் எலும்பு தெரிவதுபோல மாடித் தளத்தின் கோடு நீலமாகத் தெரிந்தது. உள்ளேயிருந்து வெளி விறாந்தைக்கு ஒரே கொங்கிறீற்றாக ஓடியிருந்தது அது. பெயின்ற் அடித்து மாறுகிற நோய் இல்லை என்று அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது.

அதே வருடம் பள்ளிக்குப் புதுக் கட்டடத் தொகுதி ஒன்று கட்டுவதற்கான ஏற்பாடு நடந்தது. வரைபடங்களைப் பெற்றோருக்குக் காட்டும் கூட்டத்துக்குப் போனோம். பஞ்சுப் படை நல்ல தடிப்பு. யன்னல் மூன்று கண்ணாடி. ஆனால் செலவைக் குறைக்க என்று எழுதிய பட்டியலில், வெளிக் கூரையை இணைக்கிற இடத்திலிருந்த தடுப்புக் கூறுகள் வெட்டப்பட்டிருந்தன. வெட்டியவர்கள் கெட்ட எண்ணத்தில் வெட்டவில்லை. கண்ணுக்குத் தெரியாத பொருள் பட்டியலில் முதலில் போய்விடும். பெயின்ற்றின் நிறத்தை நீக்கினால் எல்லோரும் கேட்பார்கள். தளத்துக்குள் புதைகிற துண்டைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

எங்களுக்கு மூத்த தொகுதி அக்கா ஒருவர் கட்டடப் பொறியியலாளர். வரைபடத்தை அவருக்கு அனுப்பினோம். இரவு தொலைபேசியில் சிரித்துக்கொண்டு சொன்னார்: “பிள்ளையள், ஊரிலை கலியாணத்துக்குப் பந்தல் போடேக்கை வீட்டுச் சுவரிலையோ கொழுவுறனாங்கள்? தனிக்கால் நட்டுத்தானே போடுறம். இதையும் அப்பிடிப் போடச் சொல்லுங்கோ. அவையளுக்குக் காசும் மிச்சம்.”

அடுத்த கூட்டத்தில் அதையே கேட்டோம். வெளிக் கூரைக்கு ஏன் தனித் தூண்கள் போடக்கூடாது? கட்டடத்தோடு அது தொடாமல் சிறிய இடைவெளி விட்டு நின்றால் என்ன குறை? திட்டப் பொறுப்பாளர் குறித்துக்கொண்டு போனார். ஆறு கிழமைக்குப் பிறகு திருத்திய வரைபடம் வந்தது. கூரை தன் சொந்தக் காலில் நின்றது. தடுப்புக் கூறுகளும் தேவைப்படவில்லை, செலவும் கூடவில்லை. பின்பக்க உருக்குப் படிக்கட்டை மாற்றவைக்க எங்களால் முடியவில்லை. அதன் அத்திவார வேலை அதற்குள் ஒப்பந்தமாகிவிட்டது. அந்தப் படிக்கட்டு பொருந்துகிற சுவரை இன்றும் ஒவ்வொரு குளிர்காலமும் போய்த் தடவிப் பார்க்கிறோம்; மற்ற இடங்களைவிட அது குளிர்தான்.

இந்த அனுபவத்தில் நாங்கள் கண்டது, கேட்கிற நேரம் முக்கியம் என்பது. வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்ற ஒரு பிற்பகல் போதும். கொங்கிறீற் ஊற்றியபின் அதே கோட்டை மாற்ற, சுவரை உடைக்க வேண்டும். அனேகமாக ஒருவரும் உடைக்கமாட்டார்கள். அந்தக் கட்டடம் ஐம்பது, அறுபது வருடம் நிற்கும். அத்தனை குளிர்காலமும் அந்த மூலை அப்படியே இருக்கும்.

இப்போது இதைப் பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கிலாந்தில் 2020 இல் அறிவித்த திட்டத்தின்படி பத்து ஆண்டுகளில் ஐந்நூறு பள்ளிகளைத் திரும்பக் கட்டவோ பெரிதாகத் திருத்தவோ போகிறார்கள். 2023 ஓகஸ்ட் முடிவில், பலவீனமான காற்றுக்குமிழ் கொங்கிறீற் கூரைகள் காரணமாக நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் கட்டடங்களை மூடவேண்டி வந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஆகவே வரைபடங்கள் இப்போது மேசைகளில் விரிந்திருக்கின்றன. கேட்பதற்கு இதுவே நேரம்.

உங்கள் பிள்ளைகளின் பள்ளியில் புதுக் கட்டடமோ பெரிய திருத்தமோ வந்தால் இந்த ஐந்தையும் கேளுங்கள். ஒன்று, காவலிப் படையைப் பென்சில் எடுக்காமல் சுற்றிவர முடியுமா, எங்கே முறிகிறது? இரண்டு, வெளிக் கூரை, விறாந்தை, படிக்கட்டு ஆகியவை கட்டடத்தில் தொங்குகின்றனவா, தனிக்காலில் நிற்கின்றனவா? மூன்று, ஒவ்வொரு பொருத்தின் வெப்ப இழப்பையும், உள்மூலையின் ஆகக் குறைந்த வெப்பநிலையையும் கணக்கிட்டிருக்கிறார்களா? நான்கு, செலவு குறைப்புப் பட்டியலில் பொருத்துகள் சம்பந்தமாக எதையாவது வெட்டியிருக்கிறார்களா? ஐந்து, கட்டும்போது, மூடி மறைக்குமுன், அந்தப் பொருத்துகளைப் படம் எடுத்துச் சரிபார்ப்பவர் யார்? கேட்பதற்குப் பொறியியற் பட்டம் தேவையில்லை. பதில் விளங்காவிட்டால் விளங்கும்வரை திரும்பக் கேட்கலாம். வகுப்பில் கை உயர்த்திக் கேட்கப் பழக்கியது எங்கள் கல்லூரிதானே.

பழைய கட்டடத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கும் செய்யக்கூடியவை சில உண்டு. குளிர்ந்த மூலையில் அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்கவேண்டாம்; காற்றுப் போகாத இடம் இன்னும் குளிரும். இடைவேளைகளில் யன்னல்களை நன்றாகத் திறந்து ஆவியை வெளியே விடச் சொல்லுங்கள். நனைந்த கோட்டுகளை வகுப்புக்குள் காயவிட வேண்டாம். பூஞ்சணத்தைத் துடைத்துப் பெயின்ற் அடிக்குமுன் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். சுவரின் உள்பக்கத்தில் காவலி ஒட்டுவது என்றால் கணக்குப் பார்த்தே ஒட்ட வேண்டும்; இல்லாவிட்டால் ஈரம் காவலிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். தொய்வுள்ள பிள்ளை இருந்தால் இடத்தை மாற்றித் தரும்படி ஆசிரியரிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். எங்கள் சனம் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று பேசாமல் வந்துவிடுகிறது. பிள்ளையின் மூச்சு விடயத்தில் அந்த மரியாதை வேண்டாம்.

ஊரிலுள்ள எங்கள் கல்லூரிக்கும் இப்படிக் காவலி போடச் சொல்கிறார்களோ என்று அதிபர் அவர்கள் யோசிக்க வேண்டாம்! உள்ளுக்கும் வெளிக்கும் வெப்பநிலை வித்தியாசம் பெரிதாக இல்லாத, யன்னல் திறந்திருக்கிற வகுப்பறைகளுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. அங்கே நிழலும் காற்றும்தான் வைத்தியம். இது குளிர்நாட்டுக் கதை. குளிர்நாட்டில் வேர்விட்ட எங்கள் பிள்ளைகளுக்கான கதை.

நூறு வருடங்களுக்கு முன் பெண்பிள்ளைகள் படிப்பதற்கு ஒரு நல்ல கட்டடம் வேண்டும் என்று நினைத்தவர்கள் கல்லும் காசும் சேர்த்தார்கள். அதில் படித்தவர்கள் நாங்கள். இப்போது எங்கள் பிள்ளைகள் வேறு ஊர்களில், வேறு சனங்களின் பிள்ளைகளோடு ஒரே அறையில் இருந்து படிக்கிறார்கள். அந்த அறையின் மூலை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானது. அடுத்த முறை பள்ளியிலிருந்து கட்டடக் கூட்டம் என்று கடிதம் வந்தால், வேலை என்று தள்ளிவிடாமல் ஒருவராவது போய்வாருங்கள். வரைபடம் கிடைத்தால் எங்கள் கிளைக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பொறியியலாளர் அக்காவுக்கு ஓய்வூதியம் கிடைத்துவிட்டது. நேரம் இருக்கிறது என்கிறார்.